தாகம் எடுக்காத அம்மா

விடுதியில் மற்ற பிள்ளைகளுக்குப் பெருமை பேச அப்பாவின் பைக், மாமாவின் போலீஸ் வேலை என்று ஏதேதோ இருந்தன. எனக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் அம்மாவுக்குத் தாகமே எடுக்காது.

கல்வராயன் மலையில் சாமை அறுத்து முடித்ததும் அப்பாவும் அம்மாவும் கீழே இறங்கி, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அரையாண்டு லீவு விட்டதும் நானும் போய் ஒட்டிக்கொள்வேன். அப்பா மூட்டை தூக்குவார். அம்மா மற்ற பெண்களோடு மரவள்ளிக் கிழங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தோல் உரிப்பாள். மார்கழியானாலும் களத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மற்றவர்களாவது இடையில் ஒரு வாய் நனைத்துக்கொள்வார்கள், அம்மா அதுவும் மாட்டாள். சொம்பை நீட்டினால், "எனக்குத் தாகம் எடுக்கலடி, நீ குடி" என்பாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். சில சாயங்காலங்களில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள். உட்கார்ந்தே இருப்பதால் வரும் வலி என்று நானே வைத்தியராகி முடிவு கட்டியிருந்தேன்.

ஒருநாள் ஆலையைக் கழுவித் துடைத்தார்கள். வேலையாட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க, சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறாராம். மேஸ்திரி எல்லாரையும் கூட்டி, "இன்னா கேட்டாலும் ஒரு கொறையும் இல்லன்னு சொல்லணும். வாயத் தொறந்தா மூட்டையக் கட்டிக்கினு மலைக்குப் போக வேண்டியதுதான்" என்றார். பெண்களுக்கென்று கட்டி, கட்டிய நாள் முதல் பூட்டியே கிடந்த கக்கூஸையும் அன்று திறந்து வைத்தார்.

வந்தது சென்னையிலிருந்து ஒரு அக்கா. மேஸ்திரியை ஆபீஸிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வந்து, அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "மொகமெல்லாம் வேர்த்திருக்கேம்மா, குடிங்க" என்று தன் பாட்டிலை நீட்டினாள். அம்மா வேண்டாமென்று தலையாட்டினாள். பெருமையடிக்க எனக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"எங்கம்மாவுக்குத் தாகமே எடுக்காதுக்கா. இருட்டுற வரைக்கும் தண்ணியே குடிக்காது!"

அந்த அக்கா என்னைப் பாராட்டவில்லை. "ஏம்மா?" என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டாள். அம்மாவின் கத்தி நின்றது. ஆபீஸ் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்தபடியே சொன்னாள்.

"குடிச்சா எங்கங்க போறது? அது இன்னிக்குத்தான் தொறந்து கீது. சுத்திலும் ஆம்பளைங்க. இருட்டுனாத்தான் கரும்புக் கொல்லைப் பக்கம் போவோம்."

அன்று சாயங்காலமே அம்மா துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். அப்பா திட்டவில்லை. ராத்திரி சாப்பிடும்போது தன் தட்டிலிருந்து ஒரு கைச் சோற்றை அள்ளி அவள் தட்டில் வைத்தார். அவ்வளவு பயத்திலும் அவர் செய்த அந்தக் காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. சொன்னது யாரென்று அந்த அக்கா மூச்சு விடவில்லை போலிருக்கிறது. இதைச் சரிசெய்தால்தான் சரக்கு எடுப்போம் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். நாலைந்து நாளில் கக்கூஸுக்கு உள்தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் வந்தன. மேஸ்திரியின் பூட்டு அதன்பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

தாழ்ப்பாள் போட்ட மறுநாள் நடுப்பகலில் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். சொம்பை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். போதாமல் இன்னொரு சொம்பு கேட்டாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஓவென்று அழுதேன்.

"இன்னாடி ஆச்சு ஒனக்கு?" என்று அம்மா ஈரக்கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நன்றாக இருந்த என் அம்மாவை அந்தச் சென்னை அக்காதான் என்னவோ செய்து கெடுத்துவிட்டாள் என்று வெகுகாலம் அவள்மேல் கோபமாகவே இருந்தேன்.