மகளிர் பெட்டியில் ரங்கூன்

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் காலை மின்சார ரயிலில், மகளிர் பெட்டியில் உட்கார்ந்தபடி நாங்கள் உலகத்தையே கட்டி மேய்த்தோம். எண்பதுகளில் பாரிமுனைக்கு வேலைக்குப் போன பெண்கள் என்றாலே வண்டியில் கீரை ஆய்ந்துகொண்டு போனதாகத்தான் எழுதுகிறார்கள். கீரையும் ஆய்ந்தோம்தான், அது சாயங்காலம். காலையில் எங்கள் கையில் அகப்பட்டவர் அமெரிக்க ஜனாதிபதி.

எங்கள் பட்டிமன்றத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தவர்கள் ஜனாதிபதிக்கு ஆதரவு. எதிர் பெஞ்சில் இருப்பவர்கள் எதிர்ப்பு. சொந்தக் கருத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். இடம் மாறக் கூடாது. நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மாம்பலத்துக்குள் எதிராளியின் வாயை அடைத்துவிடுவேன். தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

எண்பத்தெட்டில் பர்மாவில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டது. அமெரிக்கா கண்டித்தது, உதவியை நிறுத்தியது, அதற்கு மேல் போகவில்லை. அது போதுமா என்பதுதான் அன்றைய தலைப்பு. நான் உட்கார்ந்திருந்தது ஆதரவு பெஞ்சில்.

நான் ரங்கூனில் பிறந்தவள். அறுபதுகளில் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அங்கேயே கல்யாணமாகித் தங்கிவிட்ட என் அக்காவிடமிருந்து பல வாரங்களாக ஒரு தகவலும் இல்லை. இதைப் பெட்டியில் யாரிடமும் நான் சொல்லவில்லை. பர்மாக்காரி என்ற பட்டப்பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே போதும் போதும் என்று சுமந்தாகிவிட்டது.

எதிர் பெஞ்சிலிருந்து, வங்கியில் வேலை பார்த்த ஒரு அக்கா ஆரம்பித்தார். "வாயால கண்டிச்சா போதுமா? நாலு கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேணாமா?"

விடுவேனா? வெளியாள் கப்பல் வந்து நின்றால் ராணுவத்துக்கு அதுவே சாக்காகிவிடும், போராடுகிற பிள்ளைகளைக் கைக்கூலி என்பார்கள் என்று அடுக்கினேன். என் பெஞ்சு கைதட்டியது. எனக்கோ, ரங்கூனில் இருக்கும் என் அக்காவுக்கு உதவ யாரும் போக வேண்டாம் என்று நானே மறிப்பது போல இருந்தது. எழுந்து நடுவிலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா, பல்லாவரத்துலயே எறங்கப்போறியா?" என்றார் பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா. தொலைபேசி நிலையத்தில் வெளியூர், வெளிநாட்டு ட்ரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு.

"எனக்கு எந்த பெஞ்சும் வேணாங்க்கா. எங்க அக்கா ரங்கூன்ல இருக்கா. உயிரோட இருக்காளான்னே தெரியல." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. வங்கி அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். அன்று யாரும் ஜெயிக்கவில்லை. கிண்டியில் ஏறிய ஒரு பெண்மணி, நாங்கள் எழுந்ததில் காலியாகக் கிடந்த ஜன்னல் சீட்டில் சந்தோஷமாகச் சாய்ந்துகொண்டார்.

டெலிபோன் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்பர் எதுனா கீதா?"

என் அக்கா வீட்டுக்கு எதிரே இருந்த மருந்துக்கடையின் எண் இருந்தது. கொடுத்தேன். "பேஜார் புடிச்ச லைன்" என்று திட்டிக்கொண்டே அவர் நாள்தோறும் முயன்றார். இப்படிப்பட்ட பெண்களோடு பயணம் செய்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் பெருமைதான்.

ஒரு மதியம் என் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. "ரங்கூன் வந்துகினு கீது, வெச்சுடாத" என்றார் டெலிபோன் அக்கா. இரைச்சலுக்கு நடுவே என் அக்காவின் குரல் கேட்டது.

"நல்லா இருக்கோம், பயப்படாத." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "வெளிய யாராச்சும் எங்களப் பத்திப் பேசுறாங்களாடி?"

"பேசுறோம்க்கா. தெனமும் காலைல, தாம்பரத்துலேர்ந்து பீச் வரைக்கும்."

அவள் அழுவது கேட்டது.

"நிறுத்திடாதீங்கடி," என்றாள்.