தயிர் மட்டும் போதவில்லை

"பட்டம் வாங்கிட்டா ஆச்சா? தனியாப் போய் உன் வயித்தைப் பார்த்துக்குவியாடி?" நான் ஹைதராபாத்துக்குக் கிளம்பியபோது சித்தி கேட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிரித்துக்கொண்டே ரயிலேறினேன்.

அங்கே உப்பல் என்ற பகுதியில் ஒற்றை அறை. ஒருத்திக்காகக் காய் நறுக்க மனம் வராது. செல்போனைப் பார்த்தபடி மூன்று வேளையும் தயிர்சாதம்தான். மலச்சிக்கல் வந்து வயிறு உப்பியபோது, இணையத்தில் படித்து நானே புரோபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்கினேன். வீட்டில் கேட்டால், "நல்லா இருக்கேன்" என்பேன். ஒருநாள் வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டர் செகந்திராபாத்திலேயே வளர்ந்த, பேச்சில் உருது கலக்கும் தமிழ்ப் பெண். என் வயதுதான் இருக்கும். பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். என் சாப்பாட்டையும் மாத்திரையையும் சொன்னேன்.

"ஹவ், சரிதான், தயிர், மாத்திரைன்னு நல்ல கிருமியெல்லாம் உள்ளே அனுப்பிட்டீங்க. அதுங்களுக்குத் தீனி? வாழைப்பழம், வெங்காயம், பயறுன்னு நார்ச்சத்து ஏதாவது போகணும்ல? அதுதான் ப்ரீபயாடிக். பட்டினி போட்டா அதுங்க எப்படி வேலை செய்யும்? அதுக்காக ஒரேயடியா நக்கோ, வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா சேருங்க." எழுதிக்கொண்டே கேட்டார், "யாரோட சாப்பிடுறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. இந்த ஊரில் அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. தனிமையைச் சொன்னால் தோற்றுவிட்டதாக ஆகிவிடும் என்று, எனக்கே தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன்.

மறுநாள் மாலை பீன்ஸ் வாங்கி, வெங்காயம் போட்டு இரண்டு பேருக்குப் பொரியல் செய்தேன். எதிர் அறைப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கதவைத் தட்டிவிட்டேன்.