யோகு அண்ணை மெசினுக்கு வைத்த பொட்டு

யோகு அண்ணையின் மனைவி மலர் அக்காவின் அழைப்பு வந்தபோது நான் பாரிஸ் புறநகர் பொண்டி ரயில் நிலையத்தில் ஒரு சொக்கலேட் மெசினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். காசை வாங்கிக்கொண்ட மெசின், பொட்டலத்தைப் பாதி வழியில் சுருளில் தொங்கவிட்டுவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் நின்றது. கண்ணாடியைத் தட்டிக்கொண்டே போனை எடுத்தேன். "தங்கச்சி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்," என்றார் அக்கா. காலையில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்களாம். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பேசி முடித்த பிறகும் கண்ணாடியில் கை வைத்தபடியே நின்றேன். யோகு அண்ணை பக்கத்தில் இருந்திருந்தால், "தட்டாதேங்கோ தங்கச்சி, அதுக்கும் நோகும்" என்றுதான் சொல்லியிருப்பார். அதை நினைத்த பிறகுதான் அழுகை வந்தது.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பாதிப் பேர் "கம்ப்யூட்டர்" என்பீர்கள், மீதிப் பேர் "மெசின் திருத்துறவர்" என்பீர்கள். இரண்டும் பிழை. அவர் பழைய காலத்து விற்பனை மெசின்களைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினார். காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் சொக்கலேட்டோ சூயிங்கமோ சிகரெட்டோ விழுமே, அந்த மெசின்கள். படங்களிலும் விளையாட்டுகளிலும் அந்தக் காலத்துத் தெருவைக் காட்ட வேண்டுமானால் எங்களைப் போன்ற சிறு கணினி வரைகலைக் கூடங்களிடம்தான் கேட்பார்கள். அவர் உருவம் கொடுப்பார். நான் அதற்கு வெளிச்சம் கொடுப்பேன். ஊரே அவரை யோகு அண்ணை என்றது. ஈரோட்டுக்காரியான நான் மட்டும் நேரில் "அண்ணா" என்பேன்.

2010 வாக்கில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கூடம், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனையில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. கீழே மிளகாய்த்தூள் மூட்டையைப் பிரித்தால் மேலே எல்லாரும் தும்முவோம். முதல் நாள் அவர் திரையைப் பெரிதாக்கி, ஒரு மெசினின் வயிற்றுக்குள் துருவுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தார். அதன் கதவு எந்தக் காட்சியிலும் திறக்கப் போவதில்லை.

"யாருண்ணா இதைப் பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

"அப்புறம் எதுக்கு?"

"நீங்கள் சட்டைக்கு உள்ளை குளிச்சிட்டுத்தானே வந்திருக்கிறியள்?" என்றார், தலையைத் திருப்பாமலே.

எங்கள் முதலாளி புதுச்சேரிக்காரர். பத்ரோன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் இதே பதில்தான் கிடைத்ததாம். அதோடு அந்தக் கேள்வியைக் கேட்பதை அவர் நிறுத்திவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் பழம்பொருள் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பழைய சொக்கலேட் மெசின் கிடந்தது. பொருள் விழும் வாய்க்குள் கையை விட்டு அளவெடுக்கிறேன் என்று போனவர், முழங்கைக்குக் கீழே மாட்டிக்கொண்டார். இழுத்தால் வரவில்லை. கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் பாவம், பயந்துபோய் மூடியை நெம்ப ஒரு கம்பியை எடுத்து வந்தார். அதுவரை அமைதியாக இருந்த யோகு அண்ணை அப்போதுதான் கத்தினார். பிரெஞ்சு மறந்துவிட்டது.

"ஐயோ, மூடியை நெளிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ தங்கச்சி! கை என்ரை. மூடி அவங்கடை!"

யாரோ கொண்டுவந்த சமையல் எண்ணெயை ஊற்றிக் கையை எடுத்தோம். ரயிலில் வரும்போது சிவந்து வீங்கிய கையை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோகிறதோ என்று நினைத்து நான் மருந்துக் கடைக்குப் போகலாம் என்றேன். "பாத்தியளே, உள் விளிம்பு கூர். நாங்கள் வளைச்சு வைச்சது பிழை," என்றார். திங்கட்கிழமை அந்தக் காயத்தை வைத்தே விளிம்பைத் திருத்தினார்.

அவருடைய பூசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னை நீங்களே மன்னிக்கமாட்டீர்கள். ஒரு மெசின் முடிந்தால் அன்று கூடத்தில் வேறு வேலை நடக்காது. புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம் அல்லவா? கம்ப்யூட்டர் மெசினுக்குச் சக்கரம் ஏது? அவர் தன்னுடைய சுழல் நாற்காலிச் சக்கரத்துக்குக் கீழே பழத்தை வைத்து, அதில் உட்கார்ந்து, காலால் உந்தி ஏறுவார். ஒருமுறை பழம் நசுங்காமல் உருண்டுவிட, நாற்காலியோடு போய்ப் பத்ரோனின் மேசையில் மோதினார். சூடம் கொளுத்தியதில் புகை எச்சரிக்கை மணி அடித்து மளிகைக் கடை வரைக்கும் எல்லாரும் தெருவில் நின்ற கதை உங்களுக்கே தெரியும். கடைசியில் மெசினுக்குப் பொட்டு. சந்தனம், அதன் நடுவில் குங்குமம். நிஜக் குங்குமத்தைத் திரை மேலே வைக்கமாட்டார், மாடலுக்கு உள்ளேயே, கதவின் பின்புறத்தில் வரைந்து வைப்பார். பொட்டு வைக்காத மெசின் கூடத்தை விட்டு வெளியே போகாது.

இவ்வளவு பாடுபட்டவருக்கு ஓர் ஆசை இருந்தது. தன் மெசின் ஒன்றையாவது ஒருமுறை திரையில் முழுதாகப் பார்க்க வேண்டும். நடந்ததே இல்லை. மாதக்கணக்கில் கட்டிய மெசின் படத்தில் மங்கலாய், மூலையில், கண் சிமிட்டும் நேரம் வரும். அதற்கு முன்னால் தவறாமல் எவனாவது வந்து நிற்பான். ஒருமுறை மலர் அக்காவையும் என்னையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். காட்சி வந்ததும் இருக்கையைவிட்டுப் பாதி எழுந்தார். ஓவர்கோட் போட்ட ஒருவன் வந்து மெசினை மறைத்துக்கொண்டு சிகரெட் பற்றவைத்தான்.

"உங்கடை மெசினைவிட அவன்ரை முதுகு வடிவாய்த் தெரியுது," என்றார் மலர் அக்கா.

அண்ணை மெல்ல இருக்கையில் சரிந்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு ஒரு நாள் வாய்ப்பு வந்தது. ஒரு கண்காட்சிக்காக, சுவர் அளவுத் திரையில் ஒரே காட்சி. எழுபதுகளின் மெத்ரோ நடைமேடை, நடுவில் ஒரு சொக்கலேட் மெசின். மனிதர்களே கிடையாது. இயக்குநர் ஒரு பிரெஞ்சு அம்மையார். அண்ணை சாப்பாட்டைக்கூட மறந்து வேலை செய்தார். முடித்ததும் வழக்கம்போல எலுமிச்சம்பழம், நாற்காலி, சூடம், மணி. ஆனால் இந்த முறை பொட்டை மெசினின் முன்பக்கத்தில், காசு போடும் துளைக்கு மேலே வைத்துவிட்டார்.

"உள்ளேதானேண்ணா வைப்பீங்க?" என்றேன்.

"இவ்வளவு நாளும் வீட்டுக்குள்ளை இருந்தவ. இண்டைக்குச் சபைக்குப் போறா. கலியாணப் பொம்பிளைக்கு முதுகிலையோ பொட்டு வைக்கிறது?"

அம்மையார் பார்த்தார். சுவர் அளவுத் திரையில் அந்தப் பொட்டு ஒரு தட்டு அளவு இருந்தது. "இது ரத்தமா?" என்று கேட்டார். இங்கே கொலை நடந்ததாக நான் எழுதவே இல்லையே என்றார். அண்ணை பொறுமையாக விளக்கினார். அம்மையாரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அழகான வழக்கம், ஆனால் எடுத்துவிடுங்கள் என்றார். இந்தக் கறை நடுவில்கூட இல்லை, இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்றும் சொன்னார்.

பத்ரோன் கெஞ்சினார். "யோகு, ஒரு சிகப்புப் புள்ளி. ஒரு நிமிஷ வேலை. எடுத்துடேன்யா."

"பொட்டு வைக்கச் சொல்லுங்கோ, வைக்கிறன். அழிக்கிற வேலைக்கு வேறை ஆளைப் பாருங்கோ."

"அது மெசின்யா!"

"ஓம், மெசின்தான். நான் மனுசன்."

வேறு ஆள் என்றால் நான்தான். பத்ரோன் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் பொட்டழிப்பது எப்போது நடக்கும் என்று எனக்கும் தெரியும். கை போகவில்லை. நானும் மாட்டேன் என்றேன். கடைசியில் அம்மையாரே ஒரு வழி செய்தார். அகலமான தொப்பி போட்ட ஒரு சீமாட்டியைக் காட்சியில் கொண்டுவந்து மெசினுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். பொட்டு மறைந்தது, கூடவே பாதி மெசினும் மறைந்தது. திறப்பு விழாவில் அண்ணை அந்தத் தொப்பியின் முன்னால் நின்று, "நல்ல வேலைப்பாடான தொப்பி," என்று மட்டும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி இறுதிக்கிரியை நாளில் நடந்தது. வராதவர்களுக்காகச் சொல்கிறேன். பொபினியில் மண்டபத்தில் பெட்டியை மூடும் நேரம். அண்ணையின் சின்னம்மா, பெரிய மனுஷி, ஈரத்துணியோடு மலர் அக்காவிடம் வந்தார். "பிள்ளை, நேரமாகுது. பொட்டை எடுப்பம்," என்றார். அக்கா தலை நிமிர்ந்தார்.

"மெசின்ரை பொட்டையே அழிக்க விடாத மனுசன் மாமி. என்ரையை விடுவாரோ?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய்ப் பொத்துக்கொண்டு வந்தது. பின்வரிசையில் பத்ரோன் சத்தமாகவே சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். சின்னம்மா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இவன் உயிரோடை இருக்கேக்கையும் சொல்வழி கேட்டதில்லை," என்று சொல்லி, அந்தத் துணியாலேயே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

காட்சியின் மூலக் கோப்பு என்னிடம் இருந்தது. தொப்பிச் சீமாட்டியை எடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த வெளிச்சமெல்லாம் கொடுத்து, புதிதாய் ஒரு படம் செய்தேன். முப்பத்தோராம் நாள் கிரியையன்று மண்டபத்துத் திரையில் அதைப் போட்டோம். முன்னால் ஒருவரும் இல்லாமல் மெசின் முழுதாக நின்றது. மலர் அக்கா எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். அவர் நெற்றியிலும் பொட்டு இருந்தது.

"பொட்டு இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு, என்ன?" என்றார்.

"ஆமாக்கா. வேணும்னா நேராக்கிடட்டுமா?"

"வேண்டாம். கலியாண நாளிலை எனக்கும் இப்பிடித்தான் வைச்சவர். ஐயர் திருத்தப் போக, விடேல்லை."

யோகு அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோப்புதான். நான் செய்யும் மாடல் எதுவானாலும் இப்போது நாற்காலிக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏறுகிறேன். முடிந்ததும் பொட்டும் வைக்கிறேன், கொஞ்சம் இடப்பக்கமாக.