மூச்சு விடும் கயிறு

எங்கள் வீட்டில் ஒரு விஷயத்தை ஊருக்குத் தெரியப்படுத்த வேண்டுமானால் என் காதில் போட்டால் போதும். பத்து வயதிலேயே எனக்கு வானொலி என்று பட்டம். அப்படிப்பட்ட நான் ஒரு கயிற்று விஷயத்தில் மட்டும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

வாப்பா தன் உழவு எருமைகளை விற்றுவிட்டு, திருகோணமலை டவுனில் ஒருவரிடம் பழைய உழவு மெசின் ஒன்று வாங்கினார். உருள இரண்டு சில்லும், பிடித்து ஓட்ட நீண்ட கைப்பிடியும் உள்ள சின்ன மெசின். அதைக் கிண்ணியாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓட்டிவர எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே பெரிய டிரக்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதன் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏற்றிவரப் போனோம். உம்மாவின் தம்பியான மாமாவும் வந்தார். நான் அழுது அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன்.

மாமா கடல் தொழில் செய்தவர். அந்த வருட வாடைக் காற்றில் அவருடைய தோணி பாறையில் அடித்து உடைந்துபோயிற்று. ஒரு மாதமாக எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முன்பெல்லாம் மீன் கூடையோடு வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர், இப்போது கூப்பிட்டால்தான் குசினிப் பக்கம் வருவார். உம்மா இரண்டாம் தரம் சோறு போடப் போனால் பீங்கானைக் கையால் மூடிக்கொள்வார்.

மெசினைப் பலகை வைத்துப் பெட்டியில் ஏற்றியதும் மாமா கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"நீங்க தள்ளி நில்லுங்க மச்சான். கட்டுற வேலை என்ட வேலை."

அன்றுதான் அவர் முகத்தில் பழைய களையைப் பார்த்தேன். நாலு மூலைக்கும் கயிறு இழுத்து அழகான முடிச்சுகள் போட்டார். ஆனால் ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு சாண் தொய்வு விட்டிருந்தார். துறையில் தோணியைக் கட்டிப்போடுகிறவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள். அலையில் ஏறி இறங்க இடம் விடாவிட்டால் கயிறு அறுந்துவிடும். பெட்டிக்குள் அலை கிடையாது என்பது மட்டும் மாமாவுக்குத் தோன்றவில்லை.

"கொஞ்சம் இறுக்கினா என்ன மச்சான்?" என்றார் வாப்பா.

"கயிறும் மூச்சு விடோணும்."

"ஓம், அதுவும் சரிதான்."

வழியெல்லாம் மெசின் பெட்டிக்குள் முன்னும் பின்னும் உலாவிக்கொண்டே வந்தது. வாப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார். துறைக்கு வந்து சேர்ந்தோம். வாகனங்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம். பாதையிலிருந்து இறங்கியதும் கரை ஏற்றமாக இருக்கும். அங்கே மெசின் பின்னால் சரிந்தால் நேரே தண்ணீருக்குள்தான். எருமையும் போய், மெசினும் போய், எங்கள் வயல் தரிசாகக் கிடக்கும்.

"பாதை வரச் சுணங்கும். ரெண்டு பேரும் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று மாமாவையும் டிரைவரையும் வாப்பா அனுப்பினார். அவர்கள் தலை மறைந்ததும் பெட்டிக்குள் பாய்ந்து ஏறினார். நாலு கயிற்றையும் அவிழ்த்து, சில்லில் காலை உதைத்து இழுத்து, திரும்ப இறுக்கிக் கட்டினார். அசைத்துப் பார்த்தார். பிறகுதான் என் நினைவு வந்தது அவருக்கு.

"மகள், இது உங்கட வாய்க்குள்ளேயே இரிக்கட்டும்."

அக்கரையில் பெட்டி சரிந்து ஏறியது. மெசின் இம்மியும் நகரவில்லை.

"பாத்தீங்களா மச்சான், அசையுதா?" என்றார் மாமா.

"உங்கட கட்டெண்டா கட்டுத்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னதற்காக என் காதை முறுக்கிய அதே வாப்பா!

வீட்டு வாசலில் கயிறு அவிழ்க்க மாமாதான் ஏறினார். குட்டு வெளிப்படட்டும் என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். முதல் முடிச்சில் பட்டதும் அவர் விரல்கள் நின்றன. வாப்பாவுக்கு வைக்கோல் கட்டும் முடிச்சு ஒன்றுதான் தெரியும். மாமா மற்ற மூன்று முடிச்சையும் தடவிப் பார்த்தார். பிறகு நாலையும் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு நேரே குசினிக்குள் போனார்.

"ராத்தா, பசிக்குது. சோறு போடுங்க" என்றார் உம்மாவிடம்.

அன்று இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். யார் கட்டிய கட்டு என்றுகூடத் தெரியாமல் சாப்பிடுகிறாரே என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். நடுக்கடலில், கும்மிருட்டில், தன் முடிச்சை விரலாலேயே தேடி அவிழ்த்துப் பழகிய மனிதர் அவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.