எட்டாம் வகுப்புக்குப் படப் புத்தகம் வேண்டாமாம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தாமிரபரணிக் கரையோரம் ஓர் ஊரிலுள்ள பெண்கள் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கணக்கு டீச்சரான என் தலையில் நூலகத்தையும் கட்டியிருந்தார்கள்.

நூலகம் என்றால் ஓர் அறை, இரண்டு பீரோ, செல்லரித்த பொது அறிவுப் புத்தகங்கள். முன்னாள் மாணவிகள் சிலர் புதுப் புத்தகம் வாங்கப் பணம் தந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? திருநெல்வேலியில் புத்தகக் கடைக்குப் போய், வண்ணப் படம் போட்டு வழவழவென்று இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள், புரட்டினார்கள், நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னார்கள், வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அட்டை போன பழைய பேய்க் கதை ஒன்றுக்கு மட்டும் அடிபிடி. தலைமையாசிரியை எட்டிப் பார்த்துவிட்டு, அரையாண்டுப் பரீட்சைக்குள் புதுப் புத்தகங்கள் வெளியே போகாவிட்டால் இந்த அறையில் விலையில்லா சைக்கிள்களை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்தப் பிள்ளைகள் புத்தகம் பார்க்கிற விதமே விசித்திரமாக இருந்தது. நடுப்பக்கத்தைத் திறப்பார்கள், உதட்டுக்குள் நாலு வரி முணுமுணுப்பார்கள், மூடிவிடுவார்கள். என்னதான் வேண்டும் என்று ஒருத்தியிடம் கேட்டேன்.

“இதுல ஆரும் பேசவே இல்லையே டீச்சர். பேச்சு இருக்கணும். சட்டுன்னு தீந்துரவும் கூடாது.”

வகுப்பில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டிவிட்டது என்பவள் இவள். இவளுக்கு நீளமான கதை வேண்டுமாம். கேலி செய்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

அந்தப் பேய்க் கதையை எடுத்துப் போனவளும் அவள்தான். திருப்பவே இல்லை. மற்றவர்கள் நச்சரித்ததால், ஒரு நாள் பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கே போனேன்.

அவளுடைய அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். இலை, தூள், நூல் என்று விரல்கள் தம்பாட்டுக்கு ஓடின. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவள் கதை வாசித்துக்கொண்டிருந்தாள். ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல், பேய்க்குத் தனிக்குரல். என் வகுப்பில் திக்கித் திணறும் பிள்ளைதானா இது என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். பேய் அப்போதுதான் கிணற்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்ததால், ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையால் அமர்த்தினாள். டீச்சர் என்று தெரிந்த பிறகு எல்லோரும் பதறி எழுந்தார்கள்.

வேறு கதை இல்லாததால் இதையே திரும்பவும் முதலிலிருந்து ஓட்டுகிறார்களாம். பள்ளியில் அவ்வளவு புதுப் புத்தகம் இருக்கிறதே என்றேன். அம்மாக்காரி சிரித்துவிட்டாள்.

“படப் புத்தகத்த வச்சு நாங்க என்ன செய்ய டீச்சர்? கண்ணு இலையில இருக்கணும்லா. காதுதான் சும்மா இருக்கு.”

பிறகு மகளைக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“இவ வாசிச்சா, இவ பங்கையும் சேத்து நாங்க மூணு பேரும் சுத்திருவோம். கதை இல்லன்னா இவளும் சொளவ எடுக்கணும்.”

மற்றப் பிள்ளைகள் வீடுகளிலும் இப்படித்தானாம். பஸ்ஸில் திரும்பும்போது குழப்பம் தீரவில்லை, கூடியிருந்தது. இவள் ஆசையில் வாசிக்கிறாளா, பீடியிலிருந்து தப்பிக்க வாசிக்கிறாளா? நான் புத்தகம் வாங்க வேண்டியது பிள்ளைகளுக்கா, அம்மாக்களுக்கா? யோசிக்க யோசிக்கத் தலை வலித்தது.

மறுநாளே படப் புத்தகங்களில் பாதியைக் கடைக்காரரிடம் கொண்டுபோய் மாற்றித் தரும்படி கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றித் தந்தார். இந்தத் தடவை ஒவ்வொரு புத்தகத்தையும் கடையிலேயே சத்தமாக அரைப் பக்கம் வாசித்துப் பார்த்துத்தான் எடுத்தேன். வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அரையாண்டுக்கு முன்பே பீரோ காலியாகிவிட்டது. அறையும் தப்பியது.

அந்தப் பிள்ளை எதற்காக வாசித்தாள் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் எந்தப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாலும், எந்தப் பிள்ளை கையிலும் கதை தீர்ந்துபோய்விடக் கூடாதே என்ற பயம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.