சிங்கத்துக்கு ஐசி காட்டிய கதை

இதை எழுதுவதா விடுவதா என்று பத்துப் பன்னிரண்டு வருசமாக யோசித்திருக்கிறேன். பயம் என்றில்லை. முருகன் இருக்க எனக்கென்ன பயம். ஆனால் என் தமிழ் சிட்னியில், டூங்கபியில், சனிக்கிழமை காலையில் படித்த தமிழ். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவள் நான். பிழை பிடித்து ஆட்கள் சிரிப்பார்களே என்று பேனையை எடுப்பதும் வைப்பதுமாகக் காலம் போய்விட்டது. இப்போது எழுதத்தான் வேண்டும். நான் எழுதாவிட்டால் பெரியப்பா சொல்கிறபடிதான் இந்தக் கதை நிலைத்துவிடும். அவர் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசிக்குள்தான் என் அப்பா நிற்கிறார்.

பெரியப்பா, அதாவது அப்பாவின் தமையன், கென்யாவில் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் எங்கடை ஆட்கள் கனபேர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். அவர் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஊரில் பிரச்சினை, அதாவது யுத்தம், தொடங்க முன்னமே போனவர் என்பதை இதிலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும். அப்பாவும் அம்மாவும் அப்படியில்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்து, என்னையும் தூக்கிக்கொண்டு, எனக்கு நாலு வயதாக இருக்கும்போது சிட்னிக்கு வந்தவர்கள். எனக்கு ஊரில் ஞாபகம் இருப்பது ஒரு பச்சைச் சைக்கிள் மட்டும்.

எனக்குப் பதினொரு வயது நடந்த ஜூலை விடுமுறைக்குப் பெரியப்பா எங்களைக் கூப்பிட்டார். அப்பா அப்போது பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. மூன்று வருச லீவை ஒன்றாக எடுத்தார். எங்கள் வகுப்பிலே திங்கட்கிழமைகளில் ஒவ்வொருவராக முன்னால் போய் நின்று, எதையாவது காட்டிப் பேச வேண்டும். நான் சிங்கத்தைக் கிட்ட நின்று படமெடுத்துக்கொண்டு வருவேன் என்று முழு வகுப்புக்கும் சொல்லிவிட்டேன். டப்போ மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் அடைத்து வைத்த சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெடியன், "யூ வோன்ற்" என்றான், நீ எடுக்கமாட்டாய் என்று. அவ்வளவுதான் சொன்னான். அந்த ஒரு சொல் என்னை ஆபிரிக்கா வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

பெரியப்பா காட்டு மிருகங்கள் பார்க்க மூன்று நாளுக்கு ஒரு வான் பிடித்திருந்தார், சாரதியோடு. மேற்கூரையைத் தூக்கிவிட்டு எழும்பி நின்று பார்க்கலாம். முதல்நாள் காலையே சாரதி எங்களை இருத்தி ஒரு சட்டம் சொன்னார். என்ன நடந்தாலும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது, கால்விரல்கூட வெளியே வைக்கக் கூடாது. அப்பா தலையாட்டினார். அம்மா எல்லாருக்கும் திருநீறு பூசிக்கொண்டு வந்து, சாரதிக்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார். சாரதி கழுத்தில் சிலுவை போட்டவர். ஆனாலும் தொப்பியைக் கழற்றி நெற்றியைக் குனிந்து கொடுத்தார். நல்ல மனுசன்.

அம்மாவுக்கு அந்தக் காடு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாப்பாடு கீழை இறங்கி முடியிறதுக்குள்ளை திரும்பப் பசிச்சுப் போகுமே" என்று கவலைப்பட்டார். யானைக் கூட்டம் வந்தபோது வானுக்குள் இருந்தபடியே பிள்ளையாருக்குத் தலையில் குட்டிக்கொண்டார். பெரியப்பா அதைச் சாரதிக்கு விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகு எந்த யானையைக் கண்டாலும் சாரதி ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்துத் தானும் ஒரு குட்டுக் குட்டிக்கொள்வார். யானை, வரிக்குதிரை, காட்டெருமை, நீர்யானை எல்லாம் அள்ளிக் கொட்டின மாதிரி. சிங்கம் மட்டும் இல்லை.

இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் மத்தியானமும் ஆகிவிட்டது. நான் கமராவைக் கழுத்தில் போட்டபடி அழத் தொடங்கினேன். பெரியப்பாவுக்கு என் கண்ணீர் பொறுக்கவில்லை. தூரத்தில் பாதைக்கு வெளியே ஒரு தனிமரம் நின்றது. அதன் கீழே சிங்கம் படுத்திருக்கிறது என்று இன்னொரு வான் சாரதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாதையை விட்டு இறங்கி ஓட்ட அங்கே அனுமதி இல்லை. "ஐந்து நிமிசம். என்ரை பெறாமகளுக்காக" என்று பெரியப்பா சாரதியின் தோளைப் பிடித்துக் கெஞ்சினார். சாரதி ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு புல்லுக்குள் வானை இறக்கினார்.

ஆக, அந்தப் புல்லுக்குள் எங்களைக் கொண்டுபோனது நான்தான். பெரியப்பா கதை சொல்லும்போது இதை விட்டுவிடுவார்.

மரத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் வான் நின்றது. அதனால் சிங்கம் எங்களுக்குப் பின்பக்கம். புல் இடுப்பளவு உயரம், சிங்கத்தின் நிறமும் புல்லின் நிறமும் ஒன்று. "அங்கை பார், மரத்தின்ரை வேருக்குப் பக்கத்திலை, காது ஆடுது" என்று பெரியப்பா காட்டினார். எனக்கு முதலில் காது தெரிந்தது, பிறகு முகம், பிறகு பக்கத்தில் இன்னொரு முகம். இரண்டு பெண்சிங்கங்கள். நெஞ்சு அடித்த அடியில் கமரா நெஞ்சில் துள்ளியது.

"கண்டியோடா தம்பி?" என்று பெரியப்பா கேட்டார்.

"ஓம், ஓம்" என்றார் அப்பா.

நான் கமராவைக் கண்ணில் வைக்கிற நேரம் பார்த்து, முன்னாலிருந்து ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து எங்களுக்கு நேரே நின்றது. பச்சை உடுப்புப் போட்ட வனக் காவலர் ஒருவர். கையில் பெரிய துவக்கு, நீளக் குழல் துப்பாக்கி. பாதையை விட்டு வந்ததற்குச் சாரதியை ஏசத்தான் வந்திருக்கிறார். ஜீப்பின் படியில் எழும்பி நின்று, துவக்கு இருந்த கையாலேயே எங்களைப் பார்த்து ஆட்டினார். திரும்பிப் போ என்றுதான் அதற்கு அர்த்தம்.

அப்பா வான் கதவைத் திறந்து இறங்கினார்.

அவசரப்படவில்லை, யோசிக்கவும் இல்லை. பஸ் தரிப்பில் இறங்குகிற மாதிரி இறங்கினார். அதைவிட அதிசயம், அம்மாவும் இறங்கினார். அப்பா திரும்பி ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. "இறங்கு பிள்ளை" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான். அப்பா சட்டைப்பையிலிருந்து பொலித்தீன் பையை எடுத்தார். அவர் எங்கே போனாலும் கூடவே போகிற பை அது. அதற்குள் எங்கள் மூன்று பேரின் பாஸ்போட், குடியுரிமைப் பத்திரம், போதாததற்கு டூங்கபி வீட்டுக் கரண்ட் பில்லும் இருந்தது. பாஸ்போட்டுகளை விசிறி மாதிரி விரித்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டேய்! ஏறடா உள்ளை! சிங்கமடா!" பெரியப்பா வானுக்குள்ளிருந்து கத்தினார். சாரதி தன் மொழியில் கத்தினார். காவலரும் கத்தினார்.

"ஒருத்தரும் கதைக்கக் கூடாது" என்றார் அப்பா. மெதுவாகச் சொன்னார், எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்.

பிறகு ஒரு காரியம் செய்தார். மற்றக் கையைப் பின்னால் நீட்டி, என் தோளைத் தேடிப் பிடித்து, என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். முன்னால் துவக்கு. நடுவில் அப்பா. அப்பாவுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், வெறும் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லாமல், சிங்கம்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு சிங்கம் எழும்பி நின்றது. எங்கள் வகுப்பு விறாந்தையின் நீளம் இருக்கும், அவ்வளவுதான் தூரம். அது என்னைப் பார்த்தது. கமரா கழுத்தில் கிடந்தது, கை அதைத் தொடக்கூட வரவில்லை. அம்மா "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அம்மாவின் கண்ணும் முன்னால்தான் இருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

காவலர் கத்துவதை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தார். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு அவர் செய்ததுதான் எனக்குச் சுத்த முட்டாள்தனமாகப் பட்டது. சிங்கம் எழும்பி நிற்கிற நேரத்தில், துவக்கை ஜீப்பின் சீற்றில் வைத்துவிட்டு, வெறுங்கை இரண்டையும் விரித்து அப்பாவுக்குக் காட்டினார். வானைக் காட்டி, ஏறுங்கள் என்பது போல மெதுவாகத் தலையசைத்தார்.

அதற்குப் பிறகுதான் அப்பா அசைந்தார். காவலரைப் பார்த்தபடியே முதலில் அம்மாவை ஏற்றி, பிறகு என்னை ஏற்றினார். நான் ஏறுகிற அவசரத்தில் கமரா எங்கோ முட்டி, ஒரு கிளிக் சத்தம் கேட்டது.

சிங்கம் திரும்பப் படுத்துக்கொண்டது. அதற்கு முதல்நாள்தான் ஒரு காட்டெருமையை அடித்துச் சாப்பிட்டிருந்ததாம், வயிறு நிறைய. காவலர் சாரதியை ஏசி முடித்துவிட்டு அதையும் சொன்னார். முதல்நாளே அதன் வயிற்றை நிரப்பி வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வருசா வருசம் அந்த நாளில் விரதம் இருக்கிறேன்.

காட்டின் கடைசி வாசலைத் தாண்டியதும் பெரியப்பா சிரிக்கத் தொடங்கினார். "எல்லாரும் சிங்கத்தைக் கண்டால் ஓடுவினம். என்ரை தம்பி மட்டும் ஐசியை எடுத்துக் காட்டுறான்!" ஊரில் அடையாள அட்டையை ஐசி என்போம். அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார், நல்லாகவே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்னைச் சிங்கத்தின் பக்கம் விட்டாரே என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

சிட்னிக்கு வந்து படத்தைக் கழுவினோம். சிங்கம் இல்லை. அப்பாவின் நீலக்கோடு போட்ட சட்டையின் முதுகு ஒன்று, ஓரத்தில் அம்மாவின் சேலை. திங்கட்கிழமை நான் வகுப்புக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றேன். டப்போப் பெடியன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். அப்போது என்ன செய்தேன் என்றால், எழுதுகிற கொப்பி ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கி, முழங்காலை நடுங்க விட்டு, அப்பாவின் இங்கிலீசில் "பிளீஸ் சேர், பாஸ்போட் சேர்" என்று நடித்துக் காட்டினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெடியனும் சிரித்தான். அப்பா அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய முழங்கால் நடுங்கவும் இல்லை. அந்த நடுக்கம் நான் சேர்த்தது.

அந்த நடுக்கம் பிறகு ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் ஆட்கள் வரும்போதும் நடித்துக் காட்டினேன். பெரியப்பா சிட்னிக்கு வந்தபோது அதையும் எடுத்துச் சேர்த்துக்கொண்டார். அவர் வந்து நிற்கிற நேரமெல்லாம், கலியாண வீடு, பிறந்தநாள், கோயில் அன்னதானம், எங்கே நாலு பேர் கூடினாலும், "எங்கே, அந்தச் சிங்கக் கதையைச் சொல்லுங்கோ அங்கிள்" என்று பெரியப்பாவைக் கேட்பார்கள். அப்பா சாப்பாட்டுத் தட்டோடு ஒரு கதிரையில் இருந்தபடி எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். ஒருநாளும் மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை.

போன தைப்பூசத்துக்கு அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டுக் குவேக்கர்ஸ் ஹில்லுக்கு என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வழியில் பொலிஸ் எல்லாக் கார்களையும் மறித்து, குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் ஓரங்கட்டச் சொல்லிக் கைகாட்டினார்கள். நான் கார் கண்ணாடியை இறக்குகிறேன், பக்கத்தில் கிளிக் என்று ஒரு சத்தம். அப்பா பெல்ற்றைக் கழற்றிவிட்டார். ஒரு கை கதவில், மற்றக் கை சட்டைப்பையில். எழுபது தாண்டிய மனுசன். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல்.

"அப்பா, இறங்கத் தேவையில்லை."

"தெரியும் பிள்ளை" என்றார். கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ஊதி முடித்து, அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை "ஹவ் எ குட் டே" என்று அனுப்பிய பிறகுதான் எடுத்தார்.

ஊரில் சோதனைச் சாவடியில் துவக்கோடு ஒருவர் நின்றால், அவருக்குக் கிட்டப் போக முன்னமே வாகனத்தை விட்டு இறங்கி, ஐசியைக் கையில் பிடித்து, நடந்துபோய்க் காட்டிவிட்டுத்தான் அங்காலே திரும்ப ஏற வேண்டும். இறங்காதவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. பெரியப்பா அதற்கு முன்னமே போனவர், இறங்கிப் பழகாதவர். கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு, இருபத்தைந்து வருசமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அப்பா, அண்டைக்கு ஏன் என்னைச் சிங்கத்தின்ரை பக்கம் தள்ளி விட்டனீங்கள்?"

அப்பா பெல்ற்றைத் திரும்பப் போட்டார்.

"சிங்கம் எந்தப் பக்கம் நிண்டது?" என்று கேட்டார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பகிடி இல்லை.

"பெரியப்பா காட்டேக்கை ஓமெண்டு சொன்னனான். அவர் காட்டினால் ஓமெண்டு சொல்லத்தானே வேணும். நான் காணேல்லைப் பிள்ளை."

"பிறகு? கீழை இறங்கி நிக்கேக்கை?"

"துவக்கு நிக்குதெல்லே" என்றார். "நீ பின்னாலை நிண்டனி. அது காணும், போதும் எண்டு நினைச்சன்."

அந்த நீலச் சட்டைப் படம் இப்போது என் குசினியில், பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. என் மகள் வந்து பார்த்துவிட்டு, "வேர்ஸ் த லயன், அம்மா?" என்று கேட்பாள். எனக்குப் பின்னால் என்று சொல்வேன். அவள் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். அவளுக்கு விளங்காது. பதினொரு வயதில், சிங்கத்துக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்ற எனக்கே விளங்கவில்லை. அந்த இடத்திலேயே அவருக்குப் பயமில்லாத பக்கம் பார்த்துத்தான் அப்பா என்னை விட்டிருந்தார்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதை இனியும் நாலு பேர் கூடுகிற இடத்தில் வரும். தாராளமாகச் சொல்லுங்கள், சிரியுங்கள், அப்பாவும் சிரிப்பார். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். முழங்காலை நடுங்க விடாதீர்கள், அது நான் போட்ட பொய். கரண்ட் பில்லை வேண்டுமானால் விட்டுவிடலாம். அவர் நின்ற இடத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.