எங்கள் காருக்கு மூச்சு முட்டிய கதை

எங்கள் வீட்டுக் காரைக் காப்பாற்றியது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும்.

சல்லி என்ற கடற்கரை ஊரில் எங்கள் அப்பா மீன்பிடி வள்ளக்காரர். ஒருமுறை காற்றில் அகப்பட்டு இரண்டு நாள் பிந்திக் கரை சேர்ந்தார். இனிக் கடலுக்குப் போகவே கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். அப்பாவும் வள்ளத்தையும் எஞ்சினையும் விற்றுவிட்டுப் பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கி, வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடத் தொடங்கினார். பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் கார் எங்கள் ஒழுங்கைக்கு அதுதான் முதல். சத்தமே இல்லாமல் ஊர்ந்து வரும். படுத்திருக்கும் ஆடுகள்கூட எழும்பாது.

காரைக் கண்டால் அம்மாவுக்குப் பெருமை தாங்காது. கடற்கரை மண்ணும் மீன்வாடையும் படக்கூடாதென்று, தடித்த பருத்தித் துணியில் சுருக்கெல்லாம் வைத்துப் பின்சீற்றுக்கு ஓர் உறை தைத்தார். சீற்றின் பக்கவாட்டையும் மூடிக்கொண்டு அது கதவு வரைக்கும் வந்தது. எங்கள் வீட்டுக் கட்டிலுக்குக்கூட அப்படியொரு விரிப்பு கிடையாது.

வாங்கிய நாலாம் மாதம் சிவப்பு லைட் எரிந்து கார் நடுவழியில் நின்றது. பற்றரி போய்விட்டதாம். டவுனில் கராஜ் வைத்திருந்தவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பாஸ் பின்சீற்றைத் தூக்கி, அதன் கீழிருந்த பற்றரியில் பழுதான இரண்டு செல்களை மாற்றிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் மறுபடி போனது. பிறகும் போனது.

அப்பாவின் தமக்கை, என் மாமி, இது கண்ணூறுதான் என்று தீர்ப்புச் சொன்னார். முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நீற்றுப்பூசணி உடைத்தோம். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் நசிந்தது. பற்றரி எதையும் பொருட்படுத்தவில்லை. அதற்குப் பிறகு மாமியின் கோபம் அம்மாவின் பக்கம் திரும்பியது.

"பெஞ்சாதியின்ர கதையைக் கேட்டு வள்ளத்தை வித்தான். இப்ப பார், ரோட்டில நிக்கிறான்" என்று கிணற்றடியில் நின்று அயலுக்கெல்லாம் கேட்கச் சொன்னார். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒவ்வொரு முறையும் காரை வீட்டுக்கு இழுத்து வந்து, கராஜுக்கு அனுப்புமுன் அம்மா அந்த உறையைக் கழற்றிவிடுவார். பாஸின் ஒயில் கை படக்கூடாதாம். கார் திரும்பி வருவதற்குள் தோய்த்து, கஞ்சி போட்டு, காயவைத்து, மறுநாள் காலையில் மறுபடி மாட்டிவிடுவார். அதனால் பாஸ் ஒருநாளும் அந்த உறையைக் கண்டதில்லை.

மூன்றாம் தடவை காரை எடுக்க அப்பாவோடு நானும் போனேன். திரும்பி வரும்போது உறையில்லாத பின்சீற்றில் இருந்துகொண்டு டொபி தின்றேன். கையிலிருந்து நழுவிய டொபித்தாள், சீற்றின் பக்கத்தில் இருந்த சின்ன வலைத்தட்டில் போய் ஒட்டிக்கொண்டது. பிய்த்துவிட்டேன், மறுபடி ஒட்டியது. காதை வைத்தேன். உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வீடு வரும்வரை அதுதான் விளையாட்டு. மறுநாள் அம்மா உறையை மாட்டி அந்த விளையாட்டுக்கு முடிவு கட்டினார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதே கிழமை அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "இன்னொருக்கா லைட் பத்தினா, காரை வித்துப்போட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போறன். இனி ஏலாது."

பாஸ்போட் அலுமாரிக்குள் தயாராக இருந்தது. நான் அலுமாரியைப் பூட்டி, திறப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். அம்மா அடுத்த நேரச் சமையலிலேயே அதைக் கண்டெடுத்துவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, அப்பா, அம்மா, நான் மூவரும் டவுனில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டுக் கொளுத்தும் வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் உப்புவெளி ஊருக்குள் சிவப்பு லைட் எரிந்தது. அப்பா இறங்கி, காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

பாஸ் மோட்டார் சைக்கிளில் வந்து முன்பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்தார். "அண்ணை, இனிச் செல் மாத்தி வேலையில்லை. வாற விலைக்குக் குடுத்திடுங்கோ."

அப்பா தலையாட்டினார்.

"அதுக்கு மூச்சு விட ஏலாமக் கிடக்கு!" என்று கத்தினேன்.

"சும்மா இரு பிள்ளை" என்றார் அப்பா.

நான் சும்மா இருக்கிற ஆளா? பின்கதவைத் திறந்து, உறையைப் பிடித்து ஒரே இழுவையில் தூக்கினேன். "இஞ்ச பாருங்கோ! இந்த ஓட்டைதான் காத்தை இழுக்கிறது. அம்மா மூடிப்போட்டா!"

பாஸ் குனிந்து பார்த்தார். திருகாணிச்சாவியால் வலைத்தட்டைக் கழற்றி விரலை விட்டார். பஞ்சு வந்தது. தலையணையைக் கிழித்ததுபோல வந்துகொண்டே இருந்தது. உறையின் பஞ்செல்லாம் விசிறியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஐயோ கடவுளே! பற்றரிக்குக் குளிர்காத்துப் போற வழியெல்லோ இது! வெக்கையில அவிஞ்செல்லோ செல் போயிருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "ஆர் இதைத் தைச்சது?"

"எங்கட அம்மா!" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அம்மா உறையை வாங்கிச் சின்னதாக, மிகவும் சின்னதாக மடித்தார்.

கடைசியாக இரண்டு செல் மாற்றினார்கள். அவ்வளவுதான்! ஒரு மாதம் ஓடியது, ஆறு மாதம் ஓடியது, ஆண்டுக்கணக்காக ஓடியது. சிவப்பு லைட் இருக்கும் இடமே எங்களுக்கு மறந்துபோனது. பாஸ்போட் அலுமாரிக்குள்ளேயே காலாவதியானது. அப்பா எங்கேயும் போகவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் அந்தக் காரிலிருந்து நான் இறங்கிய தோரணையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரேயொரு அநியாயம் நடந்தது. அம்மன் கோயில் பொங்கலன்று மாமி கூட்டத்தின் நடுவே, "தேசிக்காய் தன்ர வேலையைக் காட்டிப்போட்டுது" என்றார். இதற்குத்தானே காத்திருந்தேன்! நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"இல்லை அக்கா, எலி. காத்துப் போற ஓட்டைக்குள்ள எலி கூடு கட்டிக் கிடந்தது."

எலியா? "எலி இல்லை மாமி..." என்று தொடங்கிய என் வாயில் அப்பா தன் ஐஸ்கிறீமைத் திணித்தார். அம்மா அப்பாவையே பார்த்தார். அப்படி அவர் அப்பாவைப் பார்த்ததை நான் முன்பு கண்டதேயில்லை. எனக்காக அம்மா இந்தப் பொய்யை உடைக்கப் போகிறார் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

"ஓம் மச்சாள்" என்றார் அம்மா. "பெரிய எலி."

அம்மாவும் எலியின் பக்கம் சேர்ந்துவிட்டாரே என்று, அன்று முழுக்க நான் இருவரோடும் கதைக்கவில்லை.